பிரின்டர் வந்துவிட்டது, இனி அதற்கேற்றபடி வரைய மாணவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள்

கடலூர் மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் உள்ள ஐடிஐ, பாலிடெக்னிக், பொறியியல் கல்லூரி முதல்வர்களுக்கும், டிராயிங், ஒர்க்ஷாப் பாடம் எடுக்கும் ஆசிரியர்களுக்கும்

வணக்கம்.

நான் கடலூரில் சின்னதாக ஒரு டிசைன் பட்டறை நடத்துகிறேன். உடைந்த பாகத்தை அளந்து, கம்ப்யூட்டரில் வரைந்து, 3டி பிரின்டரில் எடுத்துக் கொடுப்பது என் வேலை. சிப்காட் கம்பெனிகளிலிருந்து குழாய் கிளாம்ப், பேனல் மூடி வரும். பண்ருட்டி முந்திரிக் கொட்டகைகளிலிருந்து மெஷின் பாகம் வரும். முதுநகர் துறைமுகத்துப் படகுக்காரர்கள் எதையாவது கையில் பிடித்துக்கொண்டு வந்து, "இதே மாதிரி ஒன்று வேண்டும்" என்பார்கள். உங்கள் மாணவர்களும் வருகிறார்கள், சிலர் ப்ராஜெக்ட் செய்ய, சிலர் வேலை கேட்டு. அவர்களோடு உட்கார்ந்து பேசிப் பேசித்தான் இந்த மடலை எழுத வேண்டும் என்று தோன்றியது.

வருகிற பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். எக்ஸ்ட்ரூட், ரிவால்வ், லாஃப்ட் என்று எந்தக் கமாண்டைச் சொன்னாலும் கை தானாகப் போகிறது. "சரி, இந்தப் பாகத்தை பிரின்டரின் அடித்தட்டில், அதாவது பெட்டில், எப்படிப் படுக்க வைப்பாய்? இந்தத் துளைக்குள் 8 மி.மீ. ஷாஃப்ட் சுற்ற வேண்டும், துளையை எவ்வளவு வரைவாய்?" என்று கேட்டால் என் முகத்தைப் பார்க்கிறார்கள். அவர்கள்மேல் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. டிராயிங் ஒரு அறையில் நடக்கிறது, பிரின்டர் வேறொரு அறையில் பூட்டிக் கிடக்கிறது, இரண்டையும் சேர்த்துவைக்கும் பாடவேளை இல்லை. யாராவது பார்வையிட வரும் நாளில் அந்த அறை திறக்கிறது. இணையத்திலிருந்து இறக்கிய ஒரு பொம்மையோ, கல்லூரிப் பெயர் போட்ட ஒரு கீசெயினோ பிரின்ட் ஆகிறது. அப்புறம் மறுபடி பூட்டு.

இத்தனைக்கும் அரசுகள் பணம் ஒதுக்காமல் இல்லை. தமிழ்நாட்டின் 71 அரசு ஐடிஐகளை இந்தக் காலத் தொழிலுக்கு ஏற்றபடி உயர்த்த டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 2,877 கோடி ரூபாய்த் திட்டம் வந்தது. அடல் டிங்கரிங் லேப் கிடைத்த பள்ளிக்கு 20 லட்சம் வரை மானியம் உண்டு. அங்கே ஆறாம் வகுப்புப் பிள்ளையே 3டி பிரின்டரைத் தொடலாம். அரசுப் பள்ளிகளில் ஐந்தாண்டுகளுக்குள் இன்னும் 50,000 லேப் திறக்கப்போவதாக 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். 2022 பிப்ரவரியில் வெளியான சேர்ப்பு உற்பத்திக்கான, அதாவது 3டி பிரின்டிங்குக்கான தேசிய உத்தி, இந்தத் துறைக்கு 1 லட்சம் திறனாளர்களை உருவாக்க வேண்டும் என்கிறது. அந்த 1 லட்சத்தில் நம் கெடிலக் கரைப் பிள்ளைகளும் இருக்க வேண்டும் என்பதுதான் என் ஆசை.

ஒரு செய்தியை எடுத்துக்கொள்வோம். 2024 மே 9 அன்று மகேந்திரகிரியில் இஸ்ரோ ஒரு என்ஜினை 665 விநாடி எரியவிட்டுச் சோதித்தது. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் கட்டத்துக்கான பிஎஸ்4 என்ஜின் அது. பழைய முறையில் 14 பாகங்களைச் செய்து, 19 இடங்களில் வெல்டிங் வைத்துச் சேர்க்க வேண்டும். இப்போது அதை ஒரே பாகமாக பிரின்ட் எடுத்திருந்தார்கள். முன்பு ஓர் என்ஜினுக்கு 565 கிலோ உலோகம் தேவைப்பட்டது, இப்போது 13.7 கிலோ உலோகத்தூள் போதும். அதே மே மாதம் 30ஆம் தேதி, சென்னை ஐஐடியில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம், ஒரே துண்டாக பிரின்ட் எடுத்த என்ஜினை வைத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டே பறக்கவிட்டது. வகுப்பில் இந்தச் செய்திகளைச் சொல்லும்போது நாம் மெஷினைத்தான் புகழ்கிறோம். பழைய வரைபடத்தை அப்படியே பிரின்டருக்குக் கொடுத்திருந்தால் 14 பாகமும் தனித்தனியாகத்தான் வெளியே வந்திருக்கும். பிரின்டுக்கு ஏற்றபடி என்ஜினையே திரும்ப வரைந்த பிறகுதான் அந்த 19 வெல்டிங்கும் இல்லாமல் போனது. வரைந்தவர்களின் வேலையைத்தான் நம் மாணவர்களுக்கு விரித்துச் சொல்ல வேண்டும்.

உங்கள் லேபில் இருப்பது இஸ்ரோ பயன்படுத்தியதுபோல உலோகத்தூளை உருக்கும் லேசர் மெஷின் இல்லை, பிளாஸ்டிக் இழையை உருக்கி அடுக்கும் சின்ன பிரின்டர்தான் என்று எனக்குத் தெரியும். யோசனை முறை இரண்டுக்கும் ஒன்றுதான். அதை எங்கிருந்து தொடங்கலாம் என்று என் பட்டறை அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

முதலில் துளை. டிராயிங்கில் 8.00 என்று போட்ட துளை பிரின்டில் 8.00 வராது, கொஞ்சம் சிறுத்துத்தான் வரும். பிரின்டுக்காக வரைபடத்தை மாற்றித் தரும் எஸ்டிஎல் கோப்பு வட்டத்தைச் சின்னச் சின்ன நேர்கோடுகளாக உடைக்கிறது, அந்தக் கோடுகள் வட்டத்துக்கு உள்பக்கமாக விழுகின்றன. வளைவில் போகும்போது உருகிய இழையும் உள்பக்கமாக இழுபடுகிறது. ஆறும்போது பிளாஸ்டிக் சுருங்குகிறது. இதையெல்லாம் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க முடியாது. ஒரு தகட்டில் 8.0, 8.1, 8.2 என்று 8.6 வரை துளைகளை வரைந்து, பிரின்ட் எடுத்து, உண்மையான 8 மி.மீ. ஷாஃப்டை மாணவர் கையில் கொடுங்கள். எந்தத் துளையில் தட்டினால் இறுகிப் பிடிக்கிறது, எதில் வழுக்கிக்கொண்டு போகிறது, எதில் ஆடுகிறது என்று அவர்களே பார்த்து எழுதட்டும். அந்தத் தாளை மெஷின் பக்கத்திலேயே ஒட்டி வையுங்கள். ஒரு மெஷினுக்கு எழுதிய கணக்கு பக்கத்து மெஷினுக்குப் பொருந்தாது. இழையை மாற்றினால்கூடக் கொஞ்சம் மாறும். ஒன்றுக்குள் ஒன்று நகரும் பாகங்களுக்குப் பக்கத்துக்கு 0.2 முதல் 0.3 மி.மீ. இடைவெளி விட்டுத் தொடங்கலாம், பிறகு சோதனைத் தகடு சொல்வதைக் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். பேரிங் உட்காரும் துளை மாதிரி அளவு தப்பவே கூடாத இடத்தில், சிறிதாக வரைந்து எடுத்து, டிரில் போட்டு, துளையைச் சரியான அளவுக்குச் சீவும் ரீமர் விடுவதே நல்லது. பழைய ஃபிட்டர் பாடமும் புதிய பிரின்டர் பாடமும் கைகோக்கிற இடம் இது. உங்கள் ஃபிட்டர் ஆசிரியரையும் அந்த வகுப்புக்குக் கூப்பிடுங்கள்.

அந்த இடைவெளியை வரைபடத்தில் எழுதும் முறையும் முக்கியம். துளையின் விட்டத்தை 8.4 என்று நேராக அடித்துவிட்டால், பிறகு அதைப் பார்க்கிறவருக்கு 8 எங்கே, இரண்டு பக்கமும் சேர்ந்த இடைவெளி 0.4 எங்கே என்று தெரியாது. ஷாஃப்ட் விட்டம் ஓர் அளவு, கிளியரன்ஸ் ஓர் அளவு என்று தனித்தனியாகப் பெயர் வைத்து, துளை என்பது இரண்டின் கூட்டு என்று வரையச் சொல்லுங்கள். நாளைக்கு மெஷின் மாறினால் ஒரு எண்ணை மாற்றினால் போதும்.

அடுத்தது படுக்க வைப்பது. இதில்தான் பெரும்பாலான பாகங்கள் உடைகின்றன. பிரின்ட் எடுத்த பாகம் அடுக்குகளின் வாக்கில் மரப்பலகை நார் வாக்கில் பிளப்பதைப் போலப் பிளக்கும். ஒரு கொக்கியை நிற்கவைத்து பிரின்ட் எடுத்தால் அடுக்குகள் அதன் கழுத்தில் குறுக்கே வரும், எடை தொங்கினால் அங்கேயே பிட்டுக்கொள்ளும். அதே கொக்கியைப் படுக்கவைத்து எடுத்தால் இழைகள் வளைவைத் தொடர்ந்து ஓடும், பல மடங்கு தாங்கும். ஒரே கோப்பு, ஒரே பிளாஸ்டிக், ஒரே பிரின்டர். இரண்டையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் வாளியைத் தொங்கவிட்டு, அதில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே போய் எது எப்போது உடைகிறது என்று வகுப்பில் பார்க்கட்டும். ஆகவே விசை எந்தப் பக்கமிருந்து வரும் என்று தெரியாமல் வரையத் தொடங்கவே கூடாது. பாகத்தின் உள்நிரப்பை, அதாவது இன்ஃபில்லை, 80 சதவீதம் வைத்தால் பாகம் பலமாகிவிடும் என்று பிள்ளைகள் நம்புகிறார்கள். வளையும் பாகத்தில் பலம் வெளிச்சுவரில்தான் இருக்கிறது. உருகிய இழை வெளிவரும் முனையான நாசில் 0.4 மி.மீ. என்றால், இரண்டு சுவருக்குப் பதில் நான்கு சுவர் வைத்து, இன்ஃபில்லைக் குறைத்தால் நேரமும் மிஞ்சும், பாகமும் தாங்கும்.

படுக்க வைக்கும் பக்கம் முடிவானால் வடிவத்தில் பாதி தானாகவே முடிவாகிவிடும். 45 டிகிரி வரை சாய்வு, சப்போர்ட் (கீழே முட்டுக்கொடுக்கும் பிளாஸ்டிக்) இல்லாமல் நிற்கும். அதனால் பெட்டைத் தொடும் கீழ் விளிம்புக்கு வளைவு கொடுக்காமல் 45 டிகிரி சாம்ஃபர் (சரிவாக வெட்டிய விளிம்பு) கொடுக்கச் சொல்லுங்கள். வளைவு தொடங்கும் இடம் ஏறக்குறையக் கிடைமட்டமாக இருக்கும், அங்கே பிளாஸ்டிக் தொங்கிவிடும். சாம்ஃபர் கொடுத்தால் முதல் அடுக்கு பிதுங்குவதும் தொந்தரவு செய்யாது. பக்கவாட்டில் போகும் துளையின் மேல்பக்கத்தைக் கூம்பாக்கி, நீர்த்துளி வடிவில் வரைந்தால் உள்ளே சப்போர்ட் வேண்டாம். போல்ட் தலை புதையும் பெரிய துளை கீழே பார்த்தபடி இருந்தால், பெரிய துளைக்கும் சிறிய துளைக்கும் நடுவில் ஒரே ஓர் அடுக்கு கனத்தில், 0.2 மி.மீ. சவ்வு ஒன்றை வரைந்துவிடலாம். பிரின்டர் அதைப் பாலம் போட்டுக் கடந்துவிடும், பிறகு டிரில்லால் ஒரு குத்துக் குத்தினால் துளை திறந்துவிடும். இந்த ஒரு தந்திரத்தைக் காட்டினால் மாணவர்கள் கண் விரிகிறது. சின்ன மரையை பிரின்ட் எடுக்க முயல வேண்டாம். மரை உள்ள பித்தளை இன்சர்ட்டைச் சால்டரிங் அயர்னால் சூடாக்கி அழுத்தலாம், அல்லது நட் உட்கார அறுகோணக் குழி வரையலாம்.

நம் ஊருக்கென்று ஒரு பாடம் இருக்கிறது, அதை எந்தப் புத்தகமும் நமக்காக எழுதித் தராது. எல்லா லேபிலும் முதலில் வாங்குவது பிஎல்ஏ இழை. சுலபமாக வரும், நாற்றம் குறைவு. 60 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதே அது இளகத் தொடங்கிவிடும். கத்திரி வெயிலில் பூட்டிய கார் டேஷ்போர்டிலோ, தகரக் கூரையில் ஆணியடித்த இடத்திலோ அந்தச் சூடு வந்துவிடும். நேற்று நேராக இருந்த கிளாம்ப் இன்றைக்கு வளைந்து கிடக்கும். பிஇடிஜி என்ற இழை 80 டிகிரி பக்கம் வரை தாங்கும், ஏஎஸ்ஏ என்ற இழை 100 டிகிரி வரைகூடப் போகும், வெயிலில் வெளிறி நொறுங்குவதும் அதில் குறைவு. படகில், மொட்டைமாடியில், பம்ப்செட்டில் பொருத்தும் பாகத்துக்கு எந்த இழை என்று மாணவர் சொல்லத் தெரிய வேண்டும். இன்னொன்று கடல் காற்று. தேவனாம்பட்டினத்திலிருந்து புதுவை வைத்திக்குப்பம் வரை கரையோரக் காற்றில் இருக்கும் ஈரத்தை இழை குடித்துவிடும், நைலான் இன்னும் அதிகமாகவே குடிக்கும். ஈரமான இழை நாசிலில் பட்பட்டென்று சத்தம் போடும், நூல் நூலாக இழுக்கும், அடுக்குகள் ஒட்டாமல் போகும். அந்தச் சமயத்தில் மெஷின் ரிப்பேர் என்று சொல்லி மூடிவிடுகிறார்கள். சிலிகா ஜெல் போட்ட, காற்றுப் புகாத டப்பா ஒன்று போதும், செலவு பெரிதில்லை. ஈரம் ஏறிவிட்ட பிஎல்ஏவை 45 முதல் 50 டிகிரியில் சில மணி நேரம் உலர்த்தினால் திரும்ப ஒழுங்காக ஓடும்.

மண் வேலையையும் விட்டுவிடாதீர்கள். விருத்தாசலத்தில் பீங்கான் தொழில் இருக்கிறது, வில்லியனூர்ச் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடே இருக்கிறது. மூல வடிவத்தை பிரின்ட் எடுத்து, அதிலிருந்து பிளாஸ்டர் அச்சு எடுத்தால் புதிய வடிவங்களை வேகமாகச் செய்து பார்க்கலாம். அங்கே வரைகிறவருக்கு இரண்டு கணக்கு தெரிய வேண்டும். அச்சிலிருந்து மூலம் கழன்று வர, பக்கச் சுவர்களுக்குக் கொஞ்சம் சாய்வு வேண்டும். அப்புறம், மண் உலர்ந்து சூளையில் வெந்ததும் சுருங்கும். 10 சதவீதம் சுருங்கும் மண்ணில் 100 மி.மீ. பொருள் வேண்டுமென்றால் மூலத்தை 110 என்று வரைவார்கள். சுட்ட பிறகு 99தான் இருக்கும். 100ஐ 0.9ஆல் வகுத்து 111.1 என்று வரைய வேண்டும். மூடியும் ஜாடியும் பொருந்த வேண்டிய இடத்தில் அந்த 1 மி.மீ. பெரிய விஷயம்.

மென்பொருள் பற்றி. உரிமம் வாங்கிய மென்பொருளில் சொல்லிக்கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, கம்பெனிகளில் அதுதான் ஓடுகிறது. மாணவர் படிப்பை முடித்ததும் அந்த உரிமம் அவர் கையைவிட்டுப் போய்விடுகிறது. காசு கொடுத்து வாங்கும் வசதி எத்தனை வீட்டில் இருக்கிறது? ஃப்ரீகேட் என்ற வரைபட மென்பொருள் இலவசம், திறமூலம், யாரும் பறிக்க முடியாது. அதில் நீண்ட காலமாக ஒரு சங்கடம் இருந்தது. முதலில் வரைந்த ஸ்கெட்ச்சில் ஒரு கோட்டை மாற்றினால், பின்னால் செய்த சாம்ஃபர், துளை எல்லாம் இடம் தெரியாமல் உடைந்துவிடும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பில் அதைப் பெருமளவு சரிசெய்துவிட்டார்கள், பாகங்களைச் சேர்த்துப் பார்க்கும் அசெம்பிளி வசதியும் உள்ளேயே வந்துவிட்டது. பழைய பதிப்பைப் பார்த்து வேண்டாம் என்று முடிவெடுத்த ஆசிரியர்கள் ஒருமுறை திரும்பத் திறந்து பார்க்க வேண்டும்.

கோப்பு விஷயத்தில் ஒரு வேண்டுகோள். எஸ்டிஎல் 1987இல் பிறந்த வடிவம். அதில் வெறும் முக்கோணங்கள்தான் இருக்கும், மி.மீட்டரா அங்குலமா என்றுகூட எழுதியிருக்காது. அங்குலத்தில் வரைந்ததை மி.மீட்டராக எடுத்துக்கொண்டு, பாகம் 25.4 மடங்கு சிறுத்து பெட்டின் நடுவில் புள்ளியாக நிற்கும் கோப்புகள் இன்னும் என்னிடம் வருகின்றன. 2015இல் தொடங்கிய 3எம்எஃப் வடிவத்தில் அலகும் நிறமும் உள்ளேயே இருக்கும். 2025இல் அது ஐஎஸ்ஓ தரமாகவும் ஆகிவிட்டது. பிரின்டருக்கு 3எம்எஃப் கொடுக்கட்டும், மதிப்பெண்ணுக்கு மூல வரைபடத்தைக் கேளுங்கள். எஸ்டிஎல்லை மட்டும் வாங்கிவைத்தால் அடுத்த ஆண்டு மாணவர் அதில் ஓர் அளவைக்கூடச் சுலபமாக மாற்ற முடியாது.

மதிப்பெண் என்றதும் என் முக்கியமான கோரிக்கைக்கு வருகிறேன். பிரின்டுக்கு வரைவது பாடத்திட்டத்தில் எங்கோ ஒரு யூனிட்டாக இருந்தால் பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதிவிட்டுப் போவார்கள். பல்கலைக்கழகமோ தொழில்நுட்பக் கல்வித் துறையோ மாற்றும்வரை காத்திருக்க வேண்டாம், உள்மதிப்பீடு உங்கள் கையில் இருக்கிறது. ஒவ்வொரு மாணவரும் ஒரு செமஸ்டரில் ஊருக்குள் போய் உடைந்த ஒரு பொருளைக் கொண்டு வரட்டும். வெர்னியரில் அளக்கட்டும், எதனால் உடைந்தது என்று எழுதட்டும், வரைந்து பிரின்ட் எடுத்து, அதே இடத்தில் பொருத்திக் காட்டட்டும். பொருந்தினால்தான் மதிப்பெண். முதல் பிரின்ட் பொருந்தாது, இரண்டாவதும் பொருந்தாமல் போகலாம். அந்தத் திருத்தங்களை எழுதிவைத்த நோட்டுக்கும் மதிப்பெண் கொடுங்கள். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களைப் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். கொட்டையின் ஓட்டிலிருந்து வரும் எண்ணெய் தோலை அரித்துவிடும். அவர்கள் உட்கார்ந்து கொட்டை உடைக்கும் கட்டருக்கு ஒரு கைப்பிடி உறை, எண்ணெய் தெறிக்காத ஒரு தடுப்பு என்று செய்வதற்கு எவ்வளவோ இருக்கிறது. வில்லியனூரிலும் நெல்லிக்குப்பத்திலும் இருக்கும் பிள்ளைகளுக்கு வேறு எங்கும் போய் ப்ராஜெக்ட் தேட வேண்டிய அவசியமே இல்லை.

எதை பிரின்ட் எடுக்கக் கூடாது என்பதையும் அதே பாடத்தில் சொல்லிவிடுங்கள். வண்டி பிரேக், கேஸ் இணைப்பு, ஆள் ஏறி நிற்கும் எதுவும் கூடாது. உணவு நேரடியாகப் படும் மிக்ஸி ஜாரின் உள்பாகமும் வேண்டாம், அடுக்குகளின் இடுக்கில் அழுக்கு தங்கிவிடும், கழுவினாலும் போகாது. திரவ ரெசினில் ஓடும் பிரின்டர் வைத்திருக்கிற கல்லூரிகள் கையுறை இல்லாமல் யாரையும் தொட விடாதீர்கள். ஏபிஎஸ் இழை ஓடும் அறையில் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

ஆசிரியர்களின் சிரமம் எனக்குத் தெரியாமல் இல்லை. அறுபது பேருக்கு ஒரு பிரின்டர், கெட்டுப்போனால் யார் பொறுப்பு என்ற பயம், இழை வாங்க ஒவ்வொரு முறையும் கையெழுத்து. முதல்வர்கள் இந்த ஒரு பயத்தை எடுத்துவிட்டால் மிச்சத்தை ஆசிரியர்களே பார்த்துக்கொள்வார்கள். நாசில் அடைப்பதும் பெல்ட் தளர்வதும் ஓடுகிற மெஷினில் நடப்பதுதான், லேத்தில் டூல் தேய்வதற்கு யாரும் விளக்கம் கேட்பதில்லையே. நாசிலும் இழையும் லேப் செலவில் சேரட்டும், மெஷினைப் பராமரிக்கும் பொறுப்பை இரண்டு மூன்று மாணவர்களிடமே கொடுங்கள். கழற்றி மாட்டினால்தான் அவர்களுக்கு மெஷின் புரியும்.

வரும் செமஸ்டருக்கு அட்டவணை போடும்போது வாரத்துக்கு ஒரு பாடவேளை, டிராயிங் ஆசிரியரும் ஒர்க்ஷாப் ஆசிரியரும் சேர்ந்து பிரின்டர் அறையில் எடுக்கும் பாடவேளை ஒன்றை ஒதுக்குங்கள். லாஸ்பேட்டையிலிருந்து விருத்தாசலம் வரை எந்தக் கல்லூரி கூப்பிட்டாலும் சனிக்கிழமைகளில் நான் வருகிறேன். துளைத் தகடு, படுக்கவைத்ததும் நிற்கவைத்ததுமான கொக்கிகள், வெயிலில் வளைந்த கிளாம்புகள் எல்லாம் எடுத்து வருகிறேன். கட்டணம் எதுவும் வேண்டாம். ஐந்து வெர்னியர், ஒரு பிரின்டர், அன்று முழுக்கத் திறந்திருக்கும் அறை, இவ்வளவு இருந்தால் போதும்.

அன்புடன்,
ஒரு டிசைன் பட்டறைக்காரர்,
கடலூர்